பாட்டின் தரமும் கேட்போர் அவையும்

வெகுசன இசை தரம் தாழ்ந்துவிட்டது என்னும் குறை இன்று தமிழ் பேசும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒன்று. சொல் புரிவதில்லை, மெட்டு மனத்தில் நிற்பதில்லை, இரைச்சல் மிகுந்துவிட்டது, ஒரு மாதம் ஊரெல்லாம் ஒலித்த பாட்டு மறுமாதம் எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. இவ்வாறு பல வடிவங்களில் இக்குறை சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் எடுத்துக்காட்டும் பொற்காலமோ அவர்களுடைய இளமைக் காலமாகவே அமைந்துவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டி, முழுக் குறையையும் முதுமையின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடுவோரும் உளர். தள்ளிவிடுவது எளிது, தலையாட்டுவதும் எளிது. இக்குறையில் எது மயக்கம், எது மெய் என்று பிரித்துக் காண்பதுதான் கடினம். அதுவே திறனாய்வின் வேலையும் ஆகும்.

இசை மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்னும் ஃபிக்ஹு விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. அதனைப் பேசுதற்குரிய அறிஞர்கள் பேசியுள்ளனர். நமது சமூகத்திலும் நம்மைச் சூழ்ந்த சமூகத்திலும் பாட்டு என்பது இருந்து வந்திருக்கிறது. அது இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

இக்கேள்வியை ஆராயப் புதுச்சேரி நகரம் பொருத்தமான களமாகும். நகரின் வடபால் உள்ள கருவடிக்குப்பத்தில் தமிழ்ப் பாட்டின் வரலாற்றோடு தொடர்புடைய இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, பாரதியாரின் குயில் பாட்டுக்குக் களமாய் அமைந்தது என்று ஊரார் காட்டும் தோப்பு. மற்றொன்று, தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் அடக்கவிடம். முன்னவர் 1908 முதல் 1918 வரை இந்நகரில் அடைக்கலம் பெற்று வாழ்ந்தவர். பின்னவர் 1922 நவம்பர் 13 அன்று இந்நகரில் உயிர்நீத்தவர். இவ்விருவரும் தத்தம் காலத்து மக்கள் இசையோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தனர். இன்றைய குறையை நிறுத்துப் பார்க்க இவ்விருவரிடமிருந்தும் இரு வேறு எடைக்கற்கள் கிடைக்கின்றன.

நேற்றைய இழிவு, இன்றைய மரபு

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை எழுதியவர். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றனர். இன்று அவர் 'தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்' என்று போற்றப்படுகிறார். ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்தில் கூடி மரியாதை செலுத்துகின்றனர். அவருடைய பாடல்கள் இப்போது மரபுச் செல்வம்.

அவை பாடப்பட்ட காலத்தில் இத்தகைய மதிப்பு அவற்றுக்கு இருக்கவில்லை. நாடகக்காரன் 'கூத்தாடி' எனப்பட்டான். கற்றோர் அவையில் அவன் பாட்டுக்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டுக்கு வந்து ஆடிய பார்சி நாடகக் குழுக்கள் இந்துஸ்தானி மெட்டுகளைப் பரப்பின. அம்மெட்டுகள் 'பார்சி மெட்டு' என்னும் பெயரோடு தமிழ் மேடையில் குடியேறின. அயல் மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை அடைப்பது, பாத்திரத்தின் துயரத்துக்கு நடுவே சபையோரின் கைதட்டலுக்காக மீண்டும் மீண்டும் பாடுவது, கதையை மறந்து குரல்வளத்தைக் காட்டுவது ஆகிய இவையெல்லாம் அன்றைய மேடையில் இருந்த குறைகள்தாம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி உரைநடை நாடகத்தை வளர்த்த காலத்தில், பாட்டின் மிகுதியே நாடகத்தைக் கெடுக்கிறது என்னும் எண்ணம் படித்தவர்களிடையே வலுப்பெற்றிருந்தது. அவர்கள் தாழ்வின் அடையாளமாகக் கண்டதைத்தான் நாம் இன்று உயர்வின் அளவுகோலாகக் கையில் வைத்திருக்கிறோம்.

மேடையில் சுவாமிகளின் பாட்டுக்குத் துணைநின்ற கருவியின் கதை இன்னும் தெளிவானது. ஆர்மோனியம் 1842இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவரால் காப்புரிமை பெற்ற கருவி. காலால் மிதித்து வாசித்த அதனை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி வாசிக்கும் வடிவுக்குக் கொல்கத்தாவின் கைவினைஞர்கள் மாற்றினர். தமிழ் நாடக மேடையில் அது தவிர்க்க முடியாததாயிற்று. ஆனால் கமகத்தின் நெளிவுகளை அதன் நிலைத்த சுரங்களால் காட்ட இயலாது என்பதனால் அறிஞர்கள் அதனை வெறுத்தனர். ரவீந்திரநாத் தாகூர் தம் சாந்திநிகேதனில் அதனை அனுமதிக்கவில்லை. ஈழத் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் கண்டித்து எழுதினார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அத்தடை 1971 வரை நீடித்தது. இன்றோ மின்னணு விசைப்பலகை வந்து ஆர்மோனியம் மறைகிறதே என்று வருந்துகிறோம். பாட்டைக் கெடுத்த குற்றவாளியாக நிறுத்தப்பட்ட கருவி, எண்பது ஆண்டுகளில் பாட்டின் பழமைக்குச் சாட்சியாக அழைக்கப்படுகிறது.

திரைப்பாட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. 1952இல் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அவர் கொண்டுவந்த கட்டுப்பாடுகளால் அகில இந்திய வானொலியில் அவை ஏறக்குறைய ஒலிக்காமலே போயின. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். இறுதியில் அரசே இறங்கி வந்து 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கிற்று. அமைச்சர் கேட்கத் தகாதவை என்று ஒதுக்கியவை ஐம்பதுகளின் திரைப்பாடல்கள். இன்று 'பழைய பாட்டைப் போல வருமா?' என்று கேட்பவர் நினைவில் ஒலிப்பவையும் அந்த ஐம்பதுகளின் பாடல்களே.

பக்தாதில் நடந்த வழக்கு

இது தமிழுக்கு மட்டும் உரிய நிகழ்வன்று. அப்பாசியர் காலத்து பக்தாதில் இதே வழக்கு நடந்தது. ஒரு பக்கம் இஸ்ஹாக் அல்மவ்ஸிலி (இறப்பு கி.பி. 850), ஆசிரியரிடம் கேட்டதை ஒரு சுரமும் பிசகாமல் அடுத்தவருக்குக் கையளிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மறுபக்கம் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் தம்பியும் சிறந்த குரல்வளம் பெற்றவருமான இப்ராஹீம் இப்னுல் மஹ்தி (இறப்பு கி.பி. 839), பழைய பாட்டைத் தம் விருப்பத்துக்கேற்பக் குறைத்தும் மாற்றியும் பாடலாம் என்பது அவர் நிலை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் 'கிதாபுல் அகானி' என்னும் பெருநூலைத் தொகுத்த அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானி, இப்னுல் மஹ்தியின் வழிவந்தவர்களால் பழைய பாடல்கள் உருத்திரிந்து அழிந்தன என்று மனம் வருந்துகிறார். இன்றைய மறுகலவைப் பாட்டைப் பற்றிய புகார், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரபு மொழியில் பதிவாகிவிட்டது!

நான்கு நூற்றாண்டு கழித்து வந்த இப்னு கல்தூன் இச்சிக்கலை வேறொரு கோணத்தில் பார்த்தார். 1377இல் எழுதிய முகத்திமாவில் அவர் பாட்டினை ஒரு தொழிற்கலையாக வகைப்படுத்துகிறார். நாகரிகம் முதிர்ந்து தேவைகள் நிறைவுற்ற பின்னரே தோன்றும் கடைசிக் கலை அது. நாகரிகம் சிதையும்போது முதலில் மறைவதும் அதுவே என்பது அவர் கருத்து. பாடகரின் திறமையையோ ஒழுக்கத்தையோ அவர் முதற்காரணமாகக் கொள்ளவில்லை. பாட்டைத் தாங்கி நிற்கும் சமூகத்தின் நிலையை முதலில் பார்க்கச் சொல்கிறார். இது நமக்குப் பயன்படும் வழிகாட்டல்.

சல்லடையும் அளவையும்

குறை பழமையானது என்பதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆயினும் அதில் கலந்துள்ள மயக்கத்தை முதலில் நீக்க வேண்டும். அம்மயக்கத்தின் பெயர் நினைவு. பவளக்கொடி கதை 1934இல் திரைப்படமாக வந்தபோது அதில் 50 பாடல்கள் இருந்தன. எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படம் அது. அந்த ஐம்பதில் இன்று எத்தனை பாடல்களை நம்மால் நினைவுகூர முடியும்? ஏனையவை காலத்தின் சல்லடையில் கீழே விழுந்துவிட்டன. பழமையிலிருந்து நம்மை வந்தடைவது சல்லடையில் தங்கிய மணிகள் மட்டுமே. நிகழ்காலமோ உமியும் தவிடுமாக மொத்தமாக நம் முன் கொட்டிக் கிடக்கிறது. பொறுக்கியெடுத்த மணியைப் புடைக்காத நெல்லோடு ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடாகாது.

அளந்து பார்த்தவர்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஜோன் செர்ராவும் குழுவினரும் 1955 முதல் 2010 வரையிலான சுமார் 4,64,000 மேற்கத்திய ஒலிப்பதிவுகளைக் கணினி கொண்டு ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும் வழிகள் குறைந்து வருகின்றன. ஒலிநிறங்கள் ஒருமைப்பட்டு வருகின்றன. ஒலியின் உரப்பு ஏறிக்கொண்டே செல்கிறது என்பன அவர்கள் கண்டவை. 2015இல் மத்தியாஸ் மாச் என்பவரும் குழுவினரும் 1960 முதல் 2010 வரை அமெரிக்கத் தரவரிசையில் இடம்பெற்ற சுமார் 17,000 பாடல்களை ஆராய்ந்தனர். இடைவிடாத வீழ்ச்சி எதனையும் அவர்கள் காணவில்லை. பன்மை குறைவதும் மீண்டும் பெருகுவதுமாகவே இருந்ததென்றும், 1964, 1983, 1991 ஆகிய ஆண்டுகளில் பெரும் மாற்றங்கள் நேர்ந்தனவென்றும் கூறினர். உரப்பு கூடியிருக்கிறது என்பது காதுக்கும் தெரிகிறது, கருவிக்கும் தெரிகிறது. தரம் தாழ்ந்தது என்பதைக் கருவி சொல்லவில்லை. சுரங்களின் எண்ணிக்கை தரமாகிவிடாது; நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் தாலாட்டை இழிந்த இசை என்று எவரும் சொல்வதில்லை.

தமிழில் இன்றும் உயர்ந்த ஆக்கங்கள் வருகின்றன. 2021இல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை எடுத்துக்கொள்வோம். ஒப்பாரியின் தொனியும் துள்ளல் தாளமும் ஒருங்கே அமைந்த அப்பாட்டில், நிலமற்ற உழைப்பாளர் தலைமுறைகளின் நினைவு பதிந்திருக்கிறது. அதனை ஆக்கியவர்கள் முன்னோரைவிடக் குறைந்த திறனாளர்கள் என்று எந்த அளவுகோலைக் கொண்டு சொல்வது? 1976இல் அன்னக்கிளி வந்தபோது கிராமத்து மெட்டு திரையைப் பிடித்துவிட்டது என்று முகம் சுளித்தவர்களும், 1992இல் ரோஜா வந்தபோது இயந்திரம் பாடுகிறது என்று சலித்தவர்களும் இருந்தனர். இன்று அவ்விரண்டும் எந்த வரிசையில் வைக்கப்படுகின்றன என்பதை வாசகர் அறிவர்.

கலமும் பொருளும்

அப்படியானால் எதுவும் மாறவில்லையா? மாறியிருக்கிறது. பாட்டை ஏந்தி வரும் கலம் மாறும்போதெல்லாம் பாட்டின் உருவமும் மாறியே வந்திருக்கிறது. விடிய விடிய நடந்த நாடகத்தில் ஒரு பாட்டு எவ்வளவு நேரமும் நீளலாம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற கிராமபோன் தட்டு அதனை மூன்று மணித்துளிகளுக்குச் சற்றுக் கூடுதலான அளவில் வெட்டிவிட்டது. ஒலிவாங்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் உச்சக் குரலில் பாடினர். ஒலிவாங்கி வந்தபின் மெல்லக் கொஞ்சும் குரலுக்கும் இடம் கிடைத்தது. எண்பதுகளில் ஒலிநாடா மலிந்தபோது பெரிய நிறுவனங்களின் தயவின்றியே சிற்றூர்ப் பாடகர்களும் தங்கள் பாட்டை வெளியிட முடிந்தது. நமது இஸ்லாமியப் பாடல்கள் கடைத்தெருவெங்கும் பரவியதும் அப்போதுதான்.

இப்போதைய கலம் கைப்பேசி. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஒரு பாட்டு குறைந்தது 30 விநாடி ஒலித்தால்தான் அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். எனவே முதல் அரை நிமிடத்துக்குள் கேட்பவரைப் பிடித்து நிறுத்துவது பாட்டின் வாழ்வாதாரமாகிவிட்டது. நீண்ட முகப்பிசை குறைகிறது. பல்லவி விரைந்து வருகிறது. ஒரே சொல்லின் மீது தாளம் திரும்பத் திரும்ப விழுகிறது. குறுங்காணொளிகளுக்கோ பாட்டின் ஒரு துண்டு போதும். சரணம் என்பது எவரும் வந்து பார்க்காத பின்கட்டு ஆகிவிட்டது. சொல்லின் மீது கவனம் குறைந்திருப்பதாக மூத்தோர் கூறும் குற்றச்சாட்டுக்கு இங்கே ஓரளவு அடிப்படை இருக்கிறது. ஒரு கருத்தைத் தொடங்கி, வளர்த்து, முடிவுக்குக் கொண்டுவரும் இடம் சரணம்தான். அந்த இடம் சுருங்கினால் பாடலாசிரியன் எவ்வளவு வல்லவனாயினும் அவனால் வாக்கியம் அமைக்க முடியாது. முழக்கம்தான் அமைக்க முடியும்.

ஆயினும் இதுவும் முழு விடையாகாது. கலம் பாட்டின் உருவத்தை மாற்றும். அதன் உயிரைத் தீர்மானிப்பது வேறொன்று. அதனைக் காண, கருவடிக்குப்பத்தின் மற்றோர் இடமாகிய தோப்புக்குச் செல்ல வேண்டும்.

குயில் கேட்ட பாட்டுகள்

குயில் பாட்டில் பேசும் குயில், தான் மனத்தைப் பறிகொடுத்த இசைகள் எவை என்று ஒரு பட்டியல் தருகிறது. ஏற்றம் இறைப்பவர் பாடும் பாட்டு, நெல் குற்றுவோர் எழுப்பும் ஒலி, சுண்ணம் இடிப்பவரின் பண், வயலில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, வளையொலிக்க வட்டமிட்டுக் கொட்டும் கும்மி என அது விரிகிறது. குழலும் வீணையும் அதன்பின் வருகின்றன. இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். இதில் முன்னிற்கும் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது. ஓர் இடம் இருக்கிறது. கூடி நிற்கும் கூட்டம் இருக்கிறது. பாடுபவர் வேறு, கேட்பவர் வேறு என்ற பிரிவினை இல்லை. 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில், வித்வான்கள் அவைதோறும் அதே சில கீர்த்தனங்களைத் திரும்பத் திரும்பப் பாடுவதைச் சாடிய பாரதியார், பாட்டின் உயிர்ப்பைத் தேடிச் சென்ற இடம் இத்தகைய மக்கள் கூட்டம்.

வேளை, இடம், கூட்டம் என்னும் இம்மூன்றும் நமது ஆன்மிக மரபுக்குப் புதியவையல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் ஸமாஃ பற்றி எழுதிய பகுதியில், கேட்டலின் ஒழுக்கங்களுள் முதலாவதாகக் காலம், இடம், உடனிருக்கும் சகோதரர்கள் ஆகிய மூன்றையும் கவனிக்கச் சொல்கிறார்கள். ஜுனைத் அல்பக்தாதி (ரஹ்) அவர்களின் சொல்லை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இசையின் நன்மை தீமையைப் பேசும்போது பாடுபவர், கருவி, பாடற்பொருள் ஆகியவற்றோடு கேட்பவரின் உள்ள நிலையையும் சேர்த்தே இமாமவர்கள் ஆராய்கிறார்கள். பாட்டின் தரம் பாட்டுக்குள் மட்டும் அடங்கியதன்று என்னும் இந்த நுட்பம், நம் காலத்து இசை விமரிசனத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

நமது சமூகத்தின் பாட்டு மரபையே எடுத்துக்கொள்வோம். கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழ் முஸ்லிம்கள் படைத்த இலக்கிய வகைகள் பல, கண்ணால் படிப்பதற்காக மட்டும் எழுதப்பட்டவையல்ல. ஒருவர் ராகமிட்டுப் பாட வீட்டார் சுற்றியமர்ந்து கேட்பதற்காகவும் எழுதப்பட்டவை. குணங்குடி மஸ்தான் சாகிபு (இறப்பு 1838) கண்ணி முதலிய மக்கள் வழக்கு வடிவங்களில் பாடியதும் அதனாலேயே. மணவீட்டில் பெண்கள் பாடிய பாட்டுகள், ஊர்வலத்தின் முன்னே சிறுவர் பாடிச் சென்ற பைத்துகள், ரமலான் பின்னிரவில் தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாய் வந்து சஹருக்கு எழுப்பிய ஃபக்கீர்சாவின் பாட்டு என ஒவ்வொன்றும் தன் வேளைக்கு உரியதாய் இருந்தது. இன்று சஹருக்கு எழுப்பக் கைப்பேசியின் மணி இருக்கிறது. மணவீட்டில் வாடகை ஒலிபெருக்கி இருக்கிறது. அதில் ஒலிக்கும் பாட்டு நல்ல பாட்டாகவும் இருக்கலாம். ஆனால் அவ்வீட்டுப் பெண்கள் எவரும் வாய் திறந்து பாடவில்லை.

நாகூர் ஈ.எம்.ஹனீஃபா அவர்களின் வாழ்வு இம்மாற்றத்தின் நடுவே நின்ற ஒன்று. 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த அவர், மணவிழா மேடையிலும், மீலாது மேடையிலும், அரசியல் மேடையிலும் பாடி வளர்ந்தவர். 1961இல் பாவ மன்னிப்பு படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடும், 1992இல் செம்பருத்தி படத்திலும் அவர் குரல் ஒலித்தது. அவருடைய குரலைப் போல இனி ஒன்று வராது என்று நாம் சொல்கிறோம். குரல்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு குரலைக் கண்டெடுத்து, ஊர் ஊராய் அழைத்து, கூட்டத்தின் நடுவே நிறுத்தி, அது பிசகினால் திருத்தி, சிறந்தால் கொண்டாடி வளர்க்கும் மேடை அருகிவிட்டது. ஹனீஃபா அவர்களை ஆக்கியதில் அவருக்கு இறைவன் அளித்த குரலுக்குப் பங்கு உண்டு. அவரை விடிய விடிய கேட்ட ஊர்களுக்கும் பங்கு உண்டு.

புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசன் (1891–1964) எழுதிய பாடல் ஒன்று, எம்.எம்.தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் அமைத்த மெட்டோடு, 1951இல் ஓர் இரவு படத்தில் இடம்பெற்றது. துயருற்றிருக்கும்போது யாழெடுத்து இசைத்துத் தேற்றும்படி அன்புடையவளை வேண்டும் பாட்டு அது. இசைத்தட்டை ஓடவிடும்படி அங்கே வேண்டுதல் இல்லை. அருகிலிருக்கும் மனிதக் குரலுக்கும் கைக்குமே வேண்டுதல். வீட்டுக்குள் ஒருவருக்காக ஒருவர் பாடுவது இயல்பாயிருந்த உலகின் எதிரொலி அதில் இருக்கிறது. அப்பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு உருகுகிறோம். அது வேண்டுகிற செயலை நாம் எவரும் செய்வதில்லை.

இந்நிலை அரசின் கவனத்துக்கே வந்துவிட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, பொது நிகழ்ச்சிகளில் அதனை ஒலிப்பதிவு கொண்டு ஒலிக்கச் செய்வதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் ஆணையில் சேர்த்தது. ஒரு மணித்துளிக்கும் குறைவான பாட்டு அது. பள்ளியில் அனைவரும் கற்றது. அதைக்கூட வாயால் பாடுங்கள் என்று ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. புதுச்சேரி அரசு விழாக்களுக்கு உரிய தமிழ்த்தாய் வாழ்த்து பாரதிதாசன் இயற்றியது. அதற்கும் இந்த நினைவூட்டல் பொருந்தும்.

ஒரு மறுப்பு

இங்கே ஒரு மறுப்பு எழலாம், எழ வேண்டும். ஏற்றம் இறைத்தவரும் நெல் குற்றியவரும் விரும்பியா பாடினார்கள்? உடல் நோவை மறக்கப் பாடினார்கள். அவ்வுழைப்பின் பின்னே கூலியின்மையும் அடிமைத்தனமும் இருந்தன. நீர் ஏற்றும் இயந்திரமும் மாவரைக்கும் இயந்திரமும் வந்து அப்பாட்டுகளை அழித்தன என்றால், அவ்வியந்திரங்களை வாழ்த்தத்தான் வேண்டும். உலக்கையைப் பெண்கள் கையில் மீண்டும் கொடுத்துவிட்டுப் பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்பவன் பாட்டின் நண்பனும் அல்லன். மனிதரின் நண்பனும் அல்லன்.

இம்மறுப்பு முற்றிலும் நியாயமானது. பழைய வேளைகள் திரும்பி வரப் போவதில்லை. பல வேளைகள் திரும்பி வரவும் கூடாது. ஆனால் உலக்கையோடு உழைப்பின் நோவு போன அதே வழியில், கூடிப் பாடும் பழக்கமும் போயாக வேண்டும் என்னும் கட்டாயம் ஏதுமில்லை. மணவிழா போகவில்லை, ரமலான் போகவில்லை, குழந்தையை உறங்கவைக்கும் இரவு போகவில்லை. இவ்வேளைகள் இருக்கின்றன; அவற்றுக்குரிய பாட்டு மட்டும் கூலிக்கு விடப்பட்டுவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் இன்னும் மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் கோயில் விழாக்களில் விடிய விடிய நடிக்கப்படுகிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆர்மோனியம் உடன் ஒலிக்க, தரையில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே அது வாழ்கிறது. ஒலிப்பதிவு அதனைக் காக்கவில்லை; ஆண்டுக்கொரு முறை அதனைக் கேட்க வரும் ஊர்தான் காத்து நிற்கிறது.

தீர்ப்பு

வெகுசன இசையின் மீது தொடுக்கப்பட்டுள்ள வழக்கில் இரண்டு குற்றச்சாட்டுகள் ஒன்றாய்க் கட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்தே தீர்ப்புரைக்க வேண்டும். பாட்டு ஆக்குவோரின் திறன் தாழ்ந்துவிட்டது என்னும் முதல் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறை இகழ்ந்ததையும் அடுத்தது போற்றியிருக்கிறது. உரப்பின் மிகுதி, சரணத்தின் சுருக்கம் ஆகிய குறைகள் மெய்யே. அவை சந்தையும் கலமும் விதித்தவை. கலம் மாறினால் அவையும் மாறக்கூடியவை. பாட்டைச் சுற்றியிருந்த வேளையும் இடமும் கூட்டமும் சிதைந்துவிட்டன என்னும் இரண்டாவது குற்றச்சாட்டு மெய். அதற்குப் பாடகனையும் இசையமைப்பாளனையும் கூண்டில் ஏற்றுவதில் பொருளில்லை. அது நம் வீடுகளிலும் மஹல்லாக்களிலும் பள்ளிகளிலும் நிகழ்ந்தது.

முதல் குற்றச்சாட்டை மட்டும் உரக்கச் சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இளைஞரின் பாட்டைக் கேளாமலே இகழும் முதியவரின் சொல்லை இளைஞர் எதிலும் கேட்பதில்லை. அதனால் முதியவரிடம் இன்னும் எஞ்சியிருக்கும் பாட்டுகளும் கைமாறாமலே அவர்களோடு போய்விடுகின்றன. காலத்தைப் பழிக்கும் விமரிசனம் எவருக்கும் பயன்படாது. இன்ன பாட்டில் இன்ன இடத்தில் சொல் நலிந்தது, இன்ன இடத்தில் மெட்டு சொல்லைத் தூக்கி நிறுத்தியது என்று எடுத்துக்காட்டும் விமரிசனமே பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பயன்படும்.

செய்யத்தக்கவை பெரிய திட்டங்களல்ல. புதுச்சேரி முல்லா வீதியிலும் அதனையொத்த தெருக்களிலும் மணப்பாட்டும் தாலாட்டும் அறிந்த மூதாட்டியர் இருப்பின், அவர்கள் பாடுவதைப் பதிவுசெய்யலாம். பதிவுசெய்த பின் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் பேத்திகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அடுத்த மணவீட்டில் ஒலிபெருக்கியை அரைமணி நேரம் நிறுத்திவைத்து அவர்களையே பாடச் சொல்லலாம். குரல் கம்மும், தாளம் தப்பும், சொல் மறக்கும். மேடை வளர்ந்த காலத்திலும் பயிற்சி இப்படித்தான் தொடங்கியது. பாடிப் பழகிய வாய்க்கு வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தெரியும். பாடிப் பழகியவரின் செவிக்குத் தரமும் தெரியும். தரத்தைப் பற்றிய நம் கேள்வியைப் பாட்டுக்காரரிடம் கேட்பதற்கு முன், நம் வீட்டில் கடைசியாக யார், எப்போது பாடினார்கள் என்று கேட்டுக்கொள்வது நேர்மையான தொடக்கமாக இருக்கும்.